மலைத் தோட்டத்தில் டிசம்பர் பூ: தண்ணீரைக் குறையுங்கள், கத்தரியை எடுங்கள்

கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடரில் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் நர்சரிக்குப் போனதும் ஹைட்ராஞ்சியா, அசேலியா என்று வாங்கிக் குவிக்கிறார்கள். மார்ச்சில் குடிக்கிற தண்ணீரையே லாரியில் வாங்கும்போது அதையெல்லாம் எப்படிக் காப்பாற்றுவது? நம் பாட்டிமார் வேலியோரம் வளர்த்த டிசம்பர் பூவைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். கனகாம்பரத்தின் குடும்பம், இந்த நாட்டுச் செடி, ஒருமுறை பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். ஊதா, வெள்ளை, ரோஸ், ஊதாவில் வெள்ளைக் கோடு போட்டது என்று நிறமும் நிறைய.

இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். பூக்கிற செடி உள்ள வீட்டில் கேட்டால் இரண்டு குச்சி தராமல் அனுப்ப மாட்டார்கள். ஜூன், ஜூலைச் சாரலில் எடுப்பது நல்லது. நுனியில் இருக்கும் இளம்பச்சையும் வேண்டாம், அடியில் கட்டையாகிப் போனதும் வேண்டாம், நடுவில் பென்சில் கனத்தில் மூன்று நான்கு கணு உள்ள துண்டாக வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்றுங்கள். செம்மண், ஆற்று மணல், மக்கிய சாணம் மூன்றும் கலந்த மண் போதும். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும், குளிர் அதிகமென்றால் இன்னும் கொஞ்சம் நாள் ஆகும். துளிர் வந்துவிட்டதே என்று இழுத்துப் பார்க்காதீர்கள், வேருக்கு முன்னாலேயே துளிர் வருவது உண்டு.

செப்டம்பரில் தரையில் மாற்றிவிடுங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலைப் பகுதிக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிய மழை, அதற்குள் செடி மண்ணைப் பிடித்திருக்க வேண்டும். அரை நாளாவது வெயில் வேண்டும். சில்வர் ஓக் மர நிழலில் வைத்தால் சாகாது, ஆனால் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீண்டு, பேருக்கு நாலு பூ பூக்கும். படிக்கட்டு நிலத்தின் வரப்போரம், கல் சுவரின் மேல் விளிம்பு, இந்த மாதிரித் தண்ணீர் வடிகிற இடங்கள்தான் இதற்குப் பிடித்தவை. ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள்.

முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர். அடுத்த வருஷத்திலிருந்து காலையில் போய்ப் பாருங்கள்: காலையிலேயே இலை தொங்கினால் ஊற்றுங்கள், மத்தியானம் மட்டும் வாடி, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள். உரமும் அப்படித்தான். மழைக்கு முன்னால் கைப்பிடி தொழு உரம் போதும். யூரியா போட்டால் இலைதான் தழைக்கும்.

சரி, உண்மையான வேலை கத்தரிப்பதில் இருக்கிறது. பலர் வீட்டில் டிசம்பர் செடி ஆளுயரம் வளர்ந்து, அடியில் மொட்டையாக, சாய்ந்து கிடப்பதற்கு ஒரே காரணம் யாரும் வெட்டாததுதான். ஜனவரி கடைசியில் பூ ஓய்ந்ததும் தரையிலிருந்து முக்கால் அடி விட்டு மொத்தமாக வெட்டுங்கள். பார்க்கக் கஷ்டமாக இருந்தாலும் வெட்டுங்கள், முதல் மழைக்கே அடியிலிருந்து தளிர் கிளம்பும். மே, ஜூனில் நுனிகளை ஒருமுறை கிள்ளிவிட்டால் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும். ஆகஸ்டுக்குப் பிறகு கை வைக்கக் கூடாது, அதற்குமேல் கிள்ளினால் பூவைத்தான் கிள்ளுகிறீர்கள். இப்படிச் செய்தால் செடி இரண்டடி உயரத்தில் குடை மாதிரி அடர்ந்து நிற்கும்.

மொட்டைச் சுற்றி ஓரத்தில் முள் முள்ளாக, நரம்போடிய இரண்டு பச்சை மடல்கள் இருக்கும். பறிக்கும்போது அதோடு சேர்த்துப் பிய்க்காமல் பூவை மட்டும் மெதுவாக இழுத்தால் குழாயோடு வழுக்கிக்கொண்டு வந்துவிடும், அந்தக் குழாயில்தான் நார் சுற்றிக் கட்டுவது. கொஞ்சம் பூவைச் செடியிலேயே விட்டு வையுங்கள், தேனீயும் பட்டாம்பூச்சியும் வரும். காய் முற்றினால் வெடித்து விதை சிதறும், தானாக முளைத்ததில் வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைப் பிடுங்கிவிடுங்கள். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளிக்கலாம்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு உயரத்தில் இவ்வளவுதான். கொடைக்கானல் டவுன், மேல்மலை, ஊட்டி என்றால் உறைபனிக்கு யோசிக்க வேண்டும். பனி பள்ளத்தில்தான் தேங்கும், அதனால் சரிவின் மேல்பக்கம், வெயில் படுகிற சுவரை ஒட்டி நடுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்கிற செடியை வைத்துப் பனி படாமல் நாற்றுகளை மூடுகிறார்கள். மிலார் கிடைக்காவிட்டால் பழைய சாக்கு போதும், சாயங்காலம் மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பனி கருக்கிய நுனிகளை உடனே வெட்ட வேண்டாம், பனிக்காலம் முழுசாக முடிந்த பிறகு வெட்டுங்கள்.