எஃப்எல் ஸ்டுடியோல இருந்து ரீப்பருக்கு மாறப் போறீங்களா? பழைய பாட்டு ஒண்ணும் கெடாம மாறுற வழி

கடலூர், பாண்டி சுத்துவட்டாரத்துல மாடியில ஒரு ரூம ஸ்டுடியோவா வச்சுக்கிட்டு கோயில் திருவிழா பாட்டு, சர்ச் பாட்டு, கல்யாண பாட்டு, கானான்னு பண்றவங்க நிறைய பேரு எஃப்எல் ஸ்டுடியோல தான் கத்துக்கிட்டிருப்பீங்க. 1997ல ஃப்ரூட்டிலூப்ஸ்ங்கற பேர்ல பெல்ஜியத்துல இருந்து வந்த, பாட்டு பண்ற சாஃப்ட்வேர் அது, 2003ல தான் இப்போ இருக்கிற பேருக்கு மாத்துனாங்க, ஆனா அன்னைல இருந்து இன்னை வரைக்கும் அதோட பலமே பேட்டர்ன் (ஒரு தடவ போட்டு திருப்பி திருப்பி வைக்கிற சின்ன துண்டு) தான், உக்காந்த அஞ்சு நிமிஷத்துல ஒரு பீட்டு போட்டுடலாம், அதுல அத அடிச்சுக்க ஆளே கிடையாது.

சிக்கல் எங்க வருதுன்னா ஆடி மாசத்துக்கு அம்மன் பாட்டு பண்ணித் தாங்கன்னு வருவாங்க, பம்பை உடுக்கை ஆளுங்கள நேரா கூட்டிட்டு வந்து நாலு மைக்ல எடுக்கணும், ஒரே பாட்ட ஆறேழு தடவ அடிப்பாங்க, அதுல நல்லத பொறுக்கி ஒட்டணும். எஃப்எல்லயும் இத பண்ணலாம், பண்றவங்களும் இருக்காங்க, ஆனா ஒவ்வொரு மைக்கா தனித்தனியா வெட்டி நகத்திக்கிட்டு இருக்கறதுல பாதி நாள் போயிடும். இந்த மாதிரி வேலைக்கு ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ரொம்ப ரொம்ப சௌகரியம். வின்ஆம்ப் எழுதுன ஜஸ்டின் ஃப்ராங்கல் ஆரம்பிச்சது, இன்ஸ்டாலர் சின்ன சைஸ், பழைய லேப்டாப்லயும் ஓடும், 60 நாள் எல்லா வசதியோடயும் டெஸ்ட் பண்ணலாம், சின்ன லெவல்ல பண்றவங்களுக்கு லைசென்ஸ் 60 டாலர் தான்.

ஆனா ஒண்ண மொதல்லயே சொல்லிடுறேன், சவுண்டு நல்லாருக்கும்னு நெனச்சு யாரும் மாறாதீங்க. ஒரே சாம்பிள், ஒரே விஎஸ்டி (உள்ள சேத்துக்கற வாத்தியம், எஃபெக்ட் பிளக்இன்), ஒரே லெவல்னா ரெண்டுலயும் ஒரே மாதிரி தான் கேக்கும். நீங்க பண்ற வேலை முழுக்க பீட்டும் சிந்த்தும் தான்னா எஃப்எல்லயே இருங்க, மாறவே தேவையில்ல. ஆளுங்கள வச்சு ரெக்கார்டிங் அதிகமா பண்றவங்களுக்கு தான் இந்த மாற்றம் உதவும்.

மாறுறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, பழைய ப்ராஜெக்ட எல்லாம் தூக்கிட்டுப் போய் ரீப்பர்ல திறக்கலாம்னு நெனக்காதீங்க, எஃப்எல்பி ஃபைல் எஃப்எல்ல மட்டும் தான் திறக்கும். பாதியில நிக்கிற பாட்ட எஃப்எல்லயே முடிச்சுடுங்க. எதிர்காலத்துல கண்டிப்பா திருப்பி கை வைக்க வேண்டி வரும்னு தெரியுற பாட்டுக்கு மட்டும் ஸ்டெம்ஸும் (ஒவ்வொரு சவுண்டும் தனித்தனி ஆடியோ ஃபைலா) மிடியும் (சத்தம் இல்லாம நோட்டு மட்டும் இருக்கிற ஃபைல்) எடுத்து வைங்க. ரீப்பர கத்துக்கறது புதுசா ஒரு சின்ன பாட்டுல இருக்கட்டும், அதுவும் ஆர்டர் எதுவும் கழுத்த நெரிக்காத நேரமா பாத்து. ஆடிக்கு முன்னாடியும், ஐயப்பன் பாட்டு கேட்டு வர்ற ஐப்பசியிலயும், கிறிஸ்துமஸ் கேரல் எடுக்குற சமயத்துலயும் வேணவே வேணாம்.

ஸ்டெம்ஸ் எடுக்கறதுல தான் அதிக கவனம் வேணும், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். எஃப்எல்ல சேனல் ரேக்குல இருக்கிற ஒவ்வொரு சவுண்டும் மிக்சர்ல தனக்குன்னு ஒரு டிராக்குக்கு போகுதான்னு பாருங்க, நெறைய பேரு கிக், ஸ்நேர், தவில் லூப் எல்லாத்தையும் நேரா மாஸ்டர்லயே விட்டிருப்பாங்க, அப்படி விட்டா தனித்தனியா பிரிஞ்சு வராது. அடுத்து மாஸ்டர்ல இருக்கிற லிமிட்டர (சத்தம் ஒரு அளவ தாண்டாம அமுக்கற எஃபெக்ட்) ஆஃப் பண்ணுங்க, வழக்கமா திறக்குற டெம்ப்ளேட்ல அது தானாவே உக்காந்திருக்கும், நாம வச்சோம்ங்கற ஞாபகம் கூட இருக்காது. ஆடியோ செட்டிங்ஸ்ல சாம்பிள் ரேட் எவ்ளோன்னு பாத்து ஒரு பேப்பர்ல டெம்போவோட சேத்து எழுதி வைங்க, 44100ல பண்ண பாட்டா 48000ல பண்ண பாட்டான்னு ஒரு வருஷம் கழிச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்புறம் ஃபைல் மெனுல எக்ஸ்போர்ட், அதுல வேவ் ஃபைல், வர்ற பாக்ஸ்ல ஃபுல் சாங், 24 பிட், ஸ்ப்ளிட் மிக்சர் டிராக்ஸ டிக் பண்ணுங்க, டெயில்ங்கற இடத்துல லீவ் ரிமெய்ண்டர் வைங்க, கட் வச்சா கடைசி ரிவர்ப் வெட்டுப்பட்டு நிக்கும். இப்படி எடுத்தா எல்லா ஃபைலும் பாட்டோட மொத நொடியில இருந்தே ஆரம்பிக்கும், எந்த சாஃப்ட்வேர்ல போட்டாலும் வரிசையா உக்காரும், நாளைக்கு சென்னையில எந்த ஸ்டுடியோல மிக்ஸுக்கு கேட்டாலும் இதையே குடுத்துடலாம். முடிஞ்சா ரெண்டு செட்டு எடுங்க, எஃபெக்ட்டோட ஒண்ணு, எஃபெக்ட் இல்லாம ஒண்ணு. இது போக ஸ்ப்ளிட் இல்லாம முழு பாட்டும் ஒரே ஃபைலா ஒண்ணு வேணும், எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்.

ஸ்டெம்ஸ் எடுத்து முடிச்ச அப்புறம் தான் மிடி. டூல்ஸ் மெனுல மேக்ரோஸ்னு இருக்கும், அதுல ப்ரிப்பேர் ஃபார் மிடி எக்ஸ்போர்ட். இத அமுக்கறதுக்கு முன்னாடி ப்ராஜெக்ட வேற பேர்ல சேவ் பண்ணியே ஆகணும், ஏன்னா அது சேனல்ல இருக்கிற எல்லா இன்ஸ்ட்ருமெண்ட்டையும் எடுத்துட்டு மிடி அவுட்டா மாத்திடும், அதே பேர்ல சேவ் ஆயிடுச்சுன்னா போட்ட சவுண்டு எல்லாம் போச்சு. காப்பியில அமுக்கிட்டு, எக்ஸ்போர்ட்ல மிடி ஃபைல்.

மிடில என்னென்ன வராதுன்னும் தெரிஞ்சுக்கங்க. ஆட்டோமேஷன் கிளிப் (வால்யூம் மாதிரி செட்டிங்க தானா மாத்துற கோடு) வராது. சைட்செயின் (கிக் அடிக்கும்போது மத்த சத்தம் தானா எறங்கற மாதிரி வைக்கிறது) வராது, அத புதுசா தான் போடணும். நம்ம ஊரு பாட்டுக்கு ரொம்ப முக்கியமான ஒண்ணு, பியானோ ரோல்ல ஸ்லைடு நோட் போட்டு கமகம் வரவழைச்சிருப்பீங்க இல்லையா, நாதஸ்வரம் மாதிரி ஒரு லீடுக்கு, அது எஃப்எல்லோட சொந்த சங்கதி, வெளில போனா வெறும் நோட்டா தான் நிக்கும், ஸ்வரத்துல இருந்து ஸ்வரத்துக்கு இழைஞ்சு போறது மொத்தமும் போயிடும். அதனால அந்த மாதிரி லைன எப்பவும் ஆடியோவாவே எடுத்துக்கங்க. புதுசா ரீப்பர்ல வாசிக்கும்போது பிட்ச் பெண்டு லேன்ல கர்வ் வரைஞ்சு பண்ணலாம், மொதல்ல கை வலிக்கும், ஆனா பிட்ச் பெண்ட ஏத்துக்கற விஎஸ்டி எல்லாத்துலயும் வேலை செய்யும். இன்னொண்ணு, நடு சி எஃப்எல்ல சி 5ன்னு காட்டும், ரீப்பர்ல சி 4ன்னு காட்டும், பாத்துட்டு ஒரு ஆக்டேவ் எறங்கிடுச்சுன்னு பயந்து மேல ஏத்திடாதீங்க, சவுண்டு அதே தான்.

இப்போ ரீப்பர். இன்ஸ்டால் பண்ண உடனே ப்ரிஃபரன்ஸ்ல ஆடியோ டிவைஸ் போய் ஏசியோ (தாமதம் கம்மியா இருக்கிற ஆடியோ டிரைவர்) செலக்ட் பண்ணுங்க, உங்க ஆடியோ இண்டர்ஃபேஸுக்கு கம்பெனி குடுத்த டிரைவரே இருந்தா அது தான் பெஸ்ட். ரெக்கார்டிங்ல பஃபர் 128, மிக்ஸ் பண்ணும்போது 512 இல்லன்னா 1024. பிளக்இன் பக்கத்துல விஎஸ்டி ஃபோல்டர காட்டி ரீஸ்கேன் குடுங்க, எஃப்எல்ல யூஸ் பண்ண வெளி பிளக்இன் எல்லாம் இங்கயும் வந்துடும். ரீப்பர் கூட ஈக்யூ, கம்ப்ரஸர், டிலே எல்லாம் நல்லதாவே வரும், ஆனா வாத்தியம்னு பெருசா ஒண்ணும் குடுக்க மாட்டாங்க, அதனால வைட்டல், கான்டாக்ட் பிளேயர், ஸ்பிட்ஃபயர் லேப்ஸ் மாதிரி ஃப்ரீயா கிடைக்கிறத மொதல்லயே போட்டு வச்சுக்கங்க.

ஸ்டெம்ஸ உள்ள இழுக்கறதுக்கு முன்னாடி டெம்போவ செட் பண்ணிடணும், இது கட்டாயம். ரீப்பர்ல ப்ராஜெக்ட் டைம்பேஸ் சும்மா விட்டா பீட்ஸ்ல இருக்கும், ஆடியோவ போட்ட அப்புறம் டெம்போவ மாத்துனா ஆடியோவும் சேந்து இழுபடும், கேக்கறதுக்கு ஏதோ கெட்டுப்போன மாதிரி ஆயிடும். ஆல்ட் என்டர் அடிச்சா ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் வரும், அங்கயே சாம்பிள் ரேட்டும் பேப்பர்ல எழுதுனது படி போடுங்க. கர்சர மொத நொடியில வச்சு எஃபெக்ட்டோட எடுத்த ஸ்டெம்ஸ எல்லாம் ஒண்ணா இழுத்து விட்டா ஒரே டிராக்லயா தனித்தனி டிராக்லயான்னு கேக்கும், தனித்தனி.

அந்த முழு பாட்டு ஃபைல் இப்போ தான் வேணும். அதையும் ஒரு டிராக்ல போட்டு, அந்த டிராக்ல மட்டும் ஃபேஸ் பட்டன (ஒலி அலைய தலைகீழா திருப்பறது) அமுக்கி எல்லாத்தையும் சேத்து பிளே பண்ணுங்க. எல்லாம் சரியா வந்திருந்தா ஸ்டெம்ஸும் முழு பாட்டும் ஒண்ணையொண்ணு அடிச்சு கிட்டத்தட்ட சத்தமே இருக்காது. கோரஸ், சில ரிவர்ப் எல்லாம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறி வரும், அதனால லேசா காத்து மாதிரி கேட்டா பரவாயில்ல. ஆனா உடுக்கை முழுசா கேக்குதுன்னா உடுக்கை ஸ்டெம் வரலன்னு அர்த்தம், எஃப்எல்ல போய் அந்த ஒண்ண மட்டும் திருப்பி எடுத்துட்டு வாங்க. இந்த டெஸ்ட்ட தாண்டுன அப்புறம் தான் அந்த பாட்டு பத்திரமா வந்துடுச்சுன்னு நம்பணும்.

பழக்கம்னு பாத்தா மவுஸ் வீல் தான் மொதல்ல கடுப்பேத்தும், ரீப்பர்ல வீல சுத்துனா ஜூம் ஆகும், ஆல்ட் புடிச்சுக்கிட்டு சுத்துனா தான் பக்கவாட்டுல நகரும். பேட்டர்ன்னு தனியா ஒண்ணு கிடையாது, எல்லாமே நேரா டைம்லைன்ல தான், ஒண்ண மாத்துனா எல்லா இடத்துலயும் மாறணும்னா பூல்டு மிடின்னு இருக்கு, கேள்விக்குறி அமுக்குனா வர்ற ஆக்‌ஷன் லிஸ்ட்ல தேடுனா கிடைக்கும். அந்த லிஸ்ட் தான் ரீப்பரோட பொக்கிஷம், எது தெரியலன்னாலும் அங்க தேடுங்க, உங்களுக்கு புடிச்ச கீய அதுக்கு வச்சுக்கலாம்.

மாறுனதுக்கு பலன் தெரியுற இடம்னா பம்பை செட் ரெக்கார்டிங் தான். பம்பைக்கு ரெண்டு மைக், ரெண்டு குடத்துக்கும் தனித்தனியா, உடுக்கைக்கு ஒண்ணு, வர்ணிப்பு பாடுறவருக்கு ஒண்ணு. இதுக்கு நாலு இன்புட் இருக்கிற ஒரே இண்டர்ஃபேஸ் வேணும், ரெண்டு இன்புட் பாக்ஸ் ரெண்ட சேத்து ஒப்பேத்தப் பாக்காதீங்க, ரெண்டோட கிளாக்கும் நேரம் போகப் போக விலகும். டைம்பேஸ டைம்னு மாத்திட்டு நாலு டிராக்கையும் ஆர்ம் பண்ணி (ரெக்கார்டுக்கு தயாரா வச்சு) விட்டுடுங்க, கிளிக் (தாளம் காட்டுற டிக் டிக் சத்தம்) வேணாம். அவங்க மெதுவா எடுத்து, சாமி வர்ற இடத்துல வேகத்த ஏத்துவாங்க, அந்த ஏத்தம் தான் அந்த பாட்டே, கிளிக்க காதுல குடுத்து அத நிறுத்துனா கோயில்ல ஒருத்தருக்கும் சிலிர்க்காது. எடுத்து முடிச்ச உடனே நாலு மைக் கிளிப்பையும் செலக்ட் பண்ணி ஜி அமுக்குங்க, குரூப் ஆயிடும், அதுக்கு அப்புறம் எஸ் அமுக்கி எங்க வெட்டுனாலும் நாலும் சேந்து வெட்டும், நகத்துனாலும் சேந்து நகரும். ஒரு மைக்க மட்டும் தெரியாம ஒரு பொட்டு நகத்திட்டாலும் அடியோட கனம் போயிடும், பம்பை சத்தம் தகரத்துல தட்டுன மாதிரி ஆயிடும், அதனால இந்த ஜிய மறக்கவே கூடாது.

அப்புறம் மேல கீபோர்டும் பேஸும் வாசிக்கணும்னா டெம்போ அவங்க பின்னாடி போகணும். ஒரு தாள வட்டத்த செலக்ட் பண்ணி இன்சர்ட் மெனுல மெஷர் ஃப்ரம் டைம் செலக்‌ஷன் குடுத்தா அந்த வேகத்த கணக்கு பண்ணி கோடு போட்டுடும், வேகம் மாறுற இடத்துல எல்லாம் இதையே திருப்பி செய்ங்க. பொறுமை வேணும், ஆனா முடிஞ்சதும் நீங்க போடுற ஒவ்வொரு நோட்டும் அவங்க கை வேகத்துல உக்காரும். இதுக்காக மட்டுமே மாறலாம்னு நான் சொல்லுவேன்.

பீட்டு போடுறதுக்கு எஃப்எல்ல விட மனசு வரலன்னா விட வேணாம். எஃப்எல் ஸ்டுடியோவே ஒரு விஎஸ்டியா ரீப்பருக்குள்ள திறக்கும், இன்ஸ்டால் பண்ணும்போது அந்த ஆப்ஷன டிக் பண்ணியிருக்கணும். ஒரு டிராக்ல அத போட்டு உள்ளயே பழைய பியானோ ரோல்ல வேலை பண்ணலாம், பிளே ஸ்டாப் எல்லாம் ரீப்பரோடயே ஓடும். எஃப்எல் லைசென்ஸுக்கு ஆயுசு முழுக்க அப்டேட் ஃப்ரீ, அதனால வாங்குனவங்க அழிக்காம வச்சிருக்கறது தான் புத்திசாலித்தனம். லைசென்ஸ் இல்லாம டிரயல்ல சேவ் பண்ண ப்ராஜெக்ட திருப்பி திறக்க விடாது, அதனால டிரயல்ல வேலை பண்றவங்க ப்ரோக்ராம மூடறதுக்கு முன்னாடியே ஸ்டெம்ஸ எடுத்துடுங்க. கிராக் வெர்ஷன்ல இருக்கறவங்களும் இந்த சமயத்துல அதுல இருந்து வெளில வந்துடுங்க, வைரஸ் வந்து ஒரு வருஷ பாட்டையும் சேத்து கொண்டு போயிடும்.

கடைசியா சேவ். மொத தடவ சேவ் பண்ணும்போது ப்ராஜெக்ட்டுக்கு தனி ஃபோல்டர், அதுக்குள்ள எல்லா மீடியாவையும் காப்பி பண்ணுன்னு ரெண்டு டிக் இருக்கும், ரெண்டையும் போடுங்க. ப்ரிஃபரன்ஸ்ல ப்ராஜெக்ட் பக்கத்துல ஆட்டோசேவ நேரம் போட்ட தனி ஃபைலா வைங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகையில கரண்ட் எப்போ போகும்னு யாராலயும் சொல்ல முடியாது, யூபிஎஸ் இருந்தாலும் ஆட்டோசேவ் இருக்கட்டும். 2011 டிசம்பர் 30ல தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறுச்சு, 2024 நவம்பர் 30ல ஃபெஞ்சல் பாண்டி கிட்ட வந்து ஊரே தண்ணியில நின்னுச்சு. ஸ்டெம்ஸ் எல்லாம் எடுத்து முடிச்ச உடனே ஹார்ட் டிஸ்க் ரெண்டுல காப்பி போட்டு, ஒண்ண உங்க வீட்லயும், இன்னொண்ண தண்ணி ஏறாத ஏரியாவுல இருக்கிற சொந்தக்காரங்க வீட்ல மாடியிலயும் வைங்க.