கற்ற வீணை கைவிட்டுப் போகாமலிருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி நாட்களில் வர்ணம், கீர்த்தனை ஆகிய பாடல் வகைகள் வரை வாசித்துவிட்டு, படிப்பு, வேலை, குழந்தை என்று வீணையை மூடி வைத்தவர்கள் இப்போது நிறையப் பேர் திரும்பி வருகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சுருதி சேர்க்காமல் வாசிக்காதீர்கள், தாளத்தை விடாதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு

வாரம் முழுக்கத் தொடாமல் ஞாயிறன்று மூன்று மணி நேரம் உட்காருவார்கள். தினமும் வாசிப்பவர்களுக்கு இடது கை ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி பதிந்து காய்ப்பு ஏறியிருக்கும். வாசிப்பதை விட்டால் அது இளகிவிடும். இளகிய விரலால் எஃகுத் தந்தியை மணிக்கணக்கில் இழுத்தால் கொப்புளம்தான். அப்புறம் ஒரு வாரம் வீணைப் பக்கமே போக முடியாது. தினம் இருபது நிமிடம் வாசியுங்கள். பாடமும் அப்படித்தான் நிற்கும்.

ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இதில் மாட்டுகிறவர்கள் எல்லோரும் தினமும் தவறாமல் உட்காருகிறவர்கள். அவ்வளவு உழைப்பும் வீணாகிறது.

யூடியூபில் மோகன ராக வர்ணத்தைப் போட்டுவிட்டுக் கூடவே 'நின்னுகோரி' வாசிப்பார்கள். கை ஓடும். ஒன்றும் மறக்கவில்லை என்று தோன்றும். ஆனால் அடுத்த பிடி என்ன என்பதை அந்தப் பதிவு காதில் போட்டுக்கொண்டே போகிறது. தாளத்தையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. நினைவிலிருந்து தேடி எடுக்கும் வேலை நடக்கவே இல்லை. அந்த வேலை நடந்தால்தான் பாடம் தங்கும்.

என்னிடம் வந்த ஒரு பெண் இப்படியே பல மாதம் வாசித்திருக்கிறார். நவராத்திரி கொலுவில் தனியாக வாசிக்கச் சொன்னார்கள். பல்லவி, அனுபல்லவி நன்றாகவே வந்தன. அடுத்து வரும் சுரப் பகுதியான முக்தாயி சுரத்தில் நின்றுவிட்டார். மறுபடி பல்லவியிலிருந்து தொடங்கினார், அதே இடத்தில் நின்றது. "நேத்துகூட வந்துச்சே டீச்சர்" என்று என்னிடம் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. நேற்று வந்தது பதிவின் துணையோடு.

இன்னொரு சேதம் வெளியே தெரியாது. வீணையில் கமகம், அதாவது சுரத்தின் அசைவும் வளைவும், பெரும்பாலும் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பதில்தான் பிறக்கிறது. தோடி ராகத்தின் காந்தாரத்துக்கு ('க' சுரம்) எவ்வளவு இழுப்பது என்று காதுதான் விரலுக்குச் சொல்ல வேண்டும். பதிவு ஓடும்போது காது அதிலுள்ள காந்தாரத்தைக் கேட்டுத் திருப்திப்பட்டுவிடும். நம் விரல் குறைவாக இழுத்தது தெரியாது. நாளடைவில் அந்தக் குறைந்த இழுப்பே பழக்கமாகிவிடும். புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிட இதைத் திருத்துவது எனக்குப் பெரும்பாடு.

அதற்காகக் கேட்காமல் இருக்காதீர்கள். நிறையக் கேளுங்கள், வீணையை மடியில் வைக்காமல். வாசிக்கும்போது தம்புரா மட்டும் ஒலிக்கட்டும். வாரம் ஒருநாள் வர்ணத்தைச் சரணத்திலிருந்து தொடங்குங்கள். இன்னொரு நாள் மூன்றாவது சரண சுரத்திலிருந்து. நின்ற இடத்தை நோட்டில் பென்சிலால் குறித்துவைத்து, மறுநாள் அங்கிருந்து எடுங்கள்.

முதல் காலத்தை விடுவது

முதல் காலம் மெதுவான வேகம், இரண்டாம் காலம் அதன் இரு மடங்கு. இரண்டாம் காலத்தில் ஓட்டினால் குறை மறைந்துவிடும். மீட்டிய நாதம் வீணையில் சீக்கிரம் தேயும். முதல் காலத்தில் அது தேய்வதற்குள் இடது கை இழுத்து இறங்கி, அடுத்த சுரம் வரை இடைவெளி தெரியாமல் கொண்டுபோக வேண்டும். நீண்ட நாள் விட்டவர்களுக்கு முதலில் போவது இந்தத் திறமைதான்.

வெயில் படும் இடத்தில் வீணை

தந்திக்குக் கீழே உள்ள உலோக மெட்டுகள் மெழுகின் மேல் நிற்கின்றன. மெழுகு இளகினால் அவை நகரும். வைக்காதீர்கள்.

பழைய நோட்டைத் தூக்கிப் போடுவது

கூடாது. உங்கள் ஆசிரியரின் பாடாந்தரம், அதாவது அவர் சொல்லிக்கொடுத்த வாசிப்பு வழி, அச்சுப் புத்தகத்தில் கிடைக்காது.