ஆள் இல்லாத பெட்ரோல் பங்கில் கார்டைப் போடுவதற்கு முன்

நான் காரைக்காலில் பிறந்தவள். பாரிஸுக்கு வடக்கே சார்செல் பக்கம் குடிவந்து இருபது வருஷம் ஆகிறது. காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்புவதால், பெரும்பாலும் விடிவதற்கு முன்பே பெட்ரோல் போட்டுவிடுவேன். அந்த நேரத்தில் சூப்பர்மார்க்கெட்டை ஒட்டியிருக்கும் பங்கில் கேபின் இருட்டாக இருக்கும். "24/24" (24 மணி நேரமும்) என்ற பலகையும் கார்டு போடும் மெஷினும் மட்டும் வெளிச்சத்தில் நிற்கும். ஊரில் வண்டியை நிறுத்தியதும் "ஜீரோ பாத்துக்குங்க" என்று ஒருவர் சொல்வாரே, அந்தக் குரல் இங்கே கிடையாது. எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன கோடையில் என் கொழுந்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். வாடகைக் காரில் லூர்து மாதா கோயிலுக்குப் போகும் வழியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தார். "அண்ணி, மெஷின் கார்டை ஏத்துக்க மாட்டேங்குது. 30 யூரோவுக்குத்தான் போடப் போறேன், கார்டில் 110 யூரோ இருக்கு." திரையில் என்ன தொகை தெரிகிறது என்று கேட்டேன். 150 என்றார். சிக்கல் அங்கேதான்.

ஆள் இருக்கும் பங்கில் முதலில் எரிபொருள், பிறகு பணம். மெஷினுக்கோ நாம் எவ்வளவு போடப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் நாசிலைத் திறந்துவிடும் முன்பே, "இந்தக் கார்டு இவ்வளவு தாங்குமா?" என்று பேங்க்கிடம் ஒரு உச்சத் தொகையைக் கேட்கிறது. இங்கே பல பங்குகளில் அது 120 அல்லது 150 யூரோ. கணக்கில் அவ்வளவு இல்லையென்றால், பத்து யூரோவுக்குப் போட நினைத்தாலும் கார்டு திரும்பிவிடலாம். போட்டு முடித்து நாசிலை மாட்டியதும் உண்மையான தொகை பேங்க்குக்குப் போகும். மீதியை பேங்க் விடுவிக்க வேண்டும். சில பேங்க்குகளில் சில நிமிஷத்தில் நடக்கும். சிலவற்றில், அதிலும் முன்பணம் ஏற்றிய கார்டுகளில், நாள்கணக்கில் இழுக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மாதக் கடைசியில் 38 யூரோவுக்கு டீசல் போட்டேன். 150 யூரோ முடங்கிக் கிடந்ததால், மறுநாள் வீட்டு வாடகை என் கணக்கிலிருந்து போகாமல் திரும்பிவிட்டது. மூன்று நாள் கழித்துத்தான் பணம் விடுபட்டது. அன்றிலிருந்து, 200 யூரோவுக்குக் குறைவாக இருக்கும் கார்டை நான் பங்கில் எடுப்பதே இல்லை.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கிளம்பும் முன்பே ஒன்றைக் கவனியுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, 2020 மார்ச் 16 முதல் கொடுக்கப்படும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும் வேலை செய்யும்படிதான் கைக்கு வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே பேங்க் ஆப்பில் திறக்க வேண்டும். வரம்பையும் அங்கேயே உயர்த்திக்கொள்ளலாம். விசா அல்லது மாஸ்டர்கார்டு எடுத்து வாருங்கள், ரூபேயை மட்டும் நம்பாதீர்கள். கிரெடிட் கார்டுக்கும் நாலு இலக்க பின் நம்பர் மனப்பாடமாக இருக்கட்டும், இங்கே மெஷின் கேட்பது அதைத்தான். தட்டிப் போகலாம் என்று எண்ண வேண்டாம். பிரான்ஸில் பின் போடாமல் தட்டும் கார்டுக்கு 50 யூரோதான் வரம்பு. செருகிப் பின் போடுவதே நிச்சயமான வழி.

சரி, பங்குக்கு வந்தாயிற்று. மெஷினைத் தொடும் முன், பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். 2018 அக்டோபரிலிருந்து ஐரோப்பா முழுக்க ஒரே அடையாளம்: பெட்ரோலுக்கு வட்டம், அதற்குள் இ5 அல்லது இ10, டீசலுக்குச் சதுரம், அதற்குள் பி7. அதே அடையாளம் நாசிலிலும் இருக்கும். டீசலை இங்கே "கசோல்" என்பார்கள். அந்தச் சொல்லைப் பார்த்து பெட்ரோல் என்று நினைத்துவிடாதீர்கள். விலைப் பலகையில் மலிவாகத் தெரியும் இ85-உம் வட்டம்தான், ஆனால் அதற்கென்று உள்ள வண்டிக்கு மட்டுமே.

அடுத்தது பம்ப் நம்பர். சில பங்குகளில் ஒவ்வொரு பம்பிலும் மெஷின் இருக்கும். சிலவற்றில் நாலைந்து பம்புக்கு நடுவில் ஒன்றே ஒன்று. அப்படியென்றால் உங்கள் வண்டி நிற்கும் நம்பரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். ஒரு மழை நாளில் நான் 4-க்குப் பதில் 3-ஐ அழுத்திவிட்டேன். பக்கத்துக் காரில் வந்தவர் நாசிலைத் தூக்க, என் கார்டில் அவருக்கு டீசல் ஓட ஆரம்பித்தது. நல்ல மனிதர், கையிலிருந்த நோட்டைக் கொடுத்துவிட்டார்.

கார்டைச் செருகியதும் திரை பின் கேட்கும். கையால் மறைத்துக்கொண்டு போட்டுப் பச்சை பட்டனை அழுத்துங்கள். தப்பாகிவிட்டால் மஞ்சள் திருத்தும், சிவப்பு எல்லாவற்றையும் ரத்து செய்யும். சில நொடி காத்திருக்கச் சொல்லும், அது பேங்க்கோடு பேசும் நேரம். அப்புறம் "ரெதீரே" என்று வந்தால் கார்டை எடுக்கச் சொல்கிறது. எடுத்ததும் தாமதிக்காமல் நாசிலைத் தூக்குங்கள், கொஞ்ச நேரத்தில் அனுமதி காலாவதியாகிவிடும். மீட்டர் ஜீரோவுக்கு வந்த பிறகு அழுத்துங்கள். நடுவில் நாசிலைத் திரும்ப மாட்டினால் கணக்கு முடிந்துவிடும். மறுபடி போட வேண்டுமென்றால் இன்னொரு 150 முடங்கலாம்.

கார்டு திரும்பினால் அதையே விடாப்பிடியாகப் போட வேண்டாம். பின் மூன்று தடவை தப்பானால் பூட்டிக்கொள்ளும். கொழுந்தனாருக்கு என் ஓர்ப்படியின் கிரெடிட் கார்டு கைகொடுத்தது. இன்னொரு கார்டு இல்லாதவர்கள் நெடுஞ்சாலைப் பங்குக்குப் போகலாம். விலை கூடுதல்தான், ஆனால் கவுண்டரில் ஆள் இருப்பார்.

ரசீது வேண்டுமா என்று மெஷின் கேட்டால் "உய்" (ஆமாம்) அழுத்துங்கள். சில மெஷின்களில் போட்டு முடித்தபின் கார்டை மறுபடி செருகினால்தான் ரசீது வரும். அதில் தேதி, நேரம், பம்ப் நம்பர், தொகை எல்லாம் இருக்கும். ஒரு வாரம் ஆகியும் 150 விடுபடவில்லையென்றால், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேங்க்குக்கு போன் செய்யுங்கள்.