பின்பக்கப் படம் எங்கே? அரங்கப் பொருள் குழு நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவுக்காக, கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணமார் கதையில் வரும் கொம்பன் பன்றியின் தலையை ஓர் ஆசிரியர் தெர்மகோலில் செதுக்கியிருந்தார். இரண்டு இரவு உழைப்பு அது. மூக்குச் சுருக்கம்கூட அச்சு அசலாக விழுந்திருந்தது. எந்த வண்ணம் பூசலாம் என்று, அரங்கப் பொருள் செய்வோர் கூடும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவர் கேட்டபோது, ஐந்து நிமிடத்துக்குள் மூன்று பேர், "ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சிருங்க சார், பத்து நிமிசத்துல காஞ்சிரும்ங்க" என்று பதில் எழுதினார்கள். மூவரும் பொய் சொல்லவில்லை. அட்டையிலும் ஈவா ஃபோம் என்னும் மெத்தென்ற தகட்டிலும் அடித்துப் பார்த்து அவர்களுக்கு நன்றாக வந்த வழியைத்தான் சொன்னார்கள். ஆசிரியர் அடித்தார். வண்ணம் பட்ட இடமெல்லாம் பொரிந்து உள்வாங்கி, மூக்கு இருந்த இடத்தில் குழி விழுந்தது. ஸ்ப்ரே டப்பாவில் இருக்கும் அசிட்டோன், டொலுயீன் போன்ற கரைப்பான்கள் தெர்மகோலைக் கரைத்துவிடும். செருப்பு ஒட்டப் பயன்படும் சொலூஷன் பசையும் அதையே செய்யும். வெள்ளை ஃபெவிகாலைத் தண்ணீரில் இளக்கி, செய்தித்தாளை இரண்டு அடுக்கு ஒட்டிக் காயவிட்டு, அதன்மேல் தண்ணீர்க் கலவை எமல்ஷனைப் பூசியிருந்தால் பன்றி மேடை ஏறியிருக்கும். "எதில் செய்தது?" என்று ஒருவராவது திருப்பிக் கேட்டிருந்தால் போதும்.

அந்தக் கேள்வி ஏன் எழவில்லை என்பதுதான் இங்கே ஆராய வேண்டியது. நாடகம், கூத்து, பள்ளி விழா, குறும்படம் ஆகியவற்றுக்கு வாள், கிரீடம், முகமூடி, கவசம் செய்வோர் கூடும் குழுக்கள் கோவை, ஈரோடு, சேலம் வட்டாரத்தில் எளிதாகத் தொடங்கிவிடுகின்றன. 1930களிலேயே கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் என்று படப்பிடிப்பு நிலையங்கள் அமைந்த வட்டாரம் இது. செட் வேலை, ப்ராப்பர்ட்டி (அரங்கப் பொருள்) வேலை என்பதெல்லாம் நமக்குப் புதிய சொற்கள் அல்ல. ஆனால் தொடங்கிய குழுக்களில் பல ஆறு மாதத்துக்குள் கண்காட்சியாகிவிடுகின்றன. முடிந்த பொருளின் பளபளப்பான படம் வருகிறது, அதன்கீழ் கைதட்டல் பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன, எப்படிச் செய்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்ததாக முடிகிறது. பட்டறையாக இருக்க வேண்டிய இடத்தைக் கண்காட்சியாக விட்டுவிடுவதே முதல் தவறு. மற்றவற்றில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைப்பவைதாம்.

இதைச் சரிசெய்ய நான் முதலில் செய்ததும் ஒரு தவறுதான். பொருள், தடிமன், பசை, செலவு, நேரம் என்று பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட படிவம் ஒன்றை உருவாக்கி, அதை நிரப்பாமல் படம் போடக் கூடாது என்றேன். ஒரு மாதம் முழுவதும் குழுவில் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கைவேலை செய்கிறவர்களிடம் அலுவலகப் படிவத்தை நீட்டக் கூடாது என்று புரிந்த பிறகு, படிவத்தை எடுத்துவிட்டு ஒரே ஒரு விதியை வைத்தோம். முன்பக்கப் படம் ஒன்று போட்டால் பின்பக்கப் படமும் ஒன்று போட வேண்டும். ஒரு கிரீடத்தின் முன்பக்கம் கண்ணாடித் துண்டையும் ஜரிகையையும் காட்டும். பின்பக்கத்தில்தான் அட்டையை எங்கே கீறி வளைத்தார், நெற்றி அறுக்காமல் இருக்க எதை மடித்து வைத்தார், கட்டும் நாடாவை எந்த இடத்தில் தைத்தார், எந்த மூலையில் பசை போதாமல் பிறகு கம்பி போட்டார் என்பதெல்லாம் தெரியும். பின்பக்கப் படம் வந்த உடனே கேள்விகள் தாமாகவே வந்தன. கூச்சத்தால் பின்பக்கத்தைக் காட்டத் தயங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக, குழு நடத்துகிறவர் தாம் செய்ததிலேயே அலங்கோலமான பின்பக்கத்தை முதலில் போட்டுவிடுவது நல்லது.

அளவைப் பற்றிய தவறுகள் வெளியே தெரியாமல் நிறையக் கெடுக்கும். தச்சு வேலையிலிருந்து வந்தவர் நூல் கணக்கில் பேசுவார். எட்டு நூல் ஓர் அங்குலம். கல்லூரி மாணவர் மில்லிமீட்டரில் பேசுவார். "மூணு தடிமன் போதும்" என்று தச்சர் எழுதினால், அவர் மனத்தில் இருப்பது மூன்று நூல், அதாவது ஏறக்குறைய ஒன்பதரை மில்லிமீட்டர். மாணவர் வாங்கி வருவது 3 மில்லிமீட்டர் ஃபோம். அந்த ஃபோமில் செய்த மார்புக் கவசம் முதல் ஒத்திகையிலேயே துணிபோல் மடிந்தது. எண்ணுக்குப் பின்னால் அலகு இல்லாத எந்தச் செய்தியையும் குழுவில் நிற்கவிடக் கூடாது. இதில் கோவைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் சுருங்கும் என்பதால், ஃபவுண்டரி என்னும் வார்ப்பாலைக்குப் பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுப்பதற்கான மாதிரி) செய்கிறவர்கள் அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் கொண்டு சற்றே நீட்டிக் கோடிட்ட அளவுகோலைப் பயன்படுத்துவார்கள். பேட்டர்ன் கடையில் வேலை பார்க்கும் நண்பர் அந்த அளவுகோலோடு வந்து தலையின் சுற்றளவை எடுத்தால், அளவு பிசகிய கவசம்தான் கிடைக்கும்.

வெட்டு மாதிரிகளை (வைத்து வெட்டுவதற்கான அளவுப் படங்களை) பகிர்வதிலும் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். ஆவணமாக அனுப்ப வேண்டும். அப்படியும் ஜெராக்ஸ் கடையில் அச்சிடும்போது "பக்கத்துக்குள் அடக்கு" என்ற தெரிவு இயல்பாகவே இருந்துவிட்டால், மாதிரி சில சதவீதம் சிறுத்துவிடும். அப்படிச் சிறுத்தது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு மாதிரியின் மூலையிலும் 5 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் போட்டு, அச்சிட்டவுடன் அதை அளந்து பார்க்கச் சொல்லிவிட்டால் தாள், ஃபோம், பொழுது மூன்றும் மிச்சம்.

மிகப் பெரிய ஆபத்து, செய்முறையைச் சுருக்கிச் சொல்வதில் இருக்கிறது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளும் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளும் இருப்பதால், ஃபைபர் வேலை (கண்ணாடி இழையில் ரெசின் என்னும் பிசின் திரவத்தைப் பூசி இறுக வைப்பது) தெரிந்தவர்கள் நம் குழுக்களில் கட்டாயம் இருப்பார்கள். "ரெசினோட கோபால்ட்டும் ஹார்ட்னரும் கலந்து அடிச்சா ஆச்சுங்க" என்று அவர்களில் ஒருவர் சொல்வது அவருக்குச் சரி; இருபது ஆண்டாக அவர் கை சரியான வரிசையில் இயங்குகிறது. அந்த வாக்கியத்தைப் படிக்கிற புதியவர் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றிப் பிறகு ரெசினில் சேர்க்கலாம் என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. கோபால்ட் என்பது ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கரைசல். ஹார்ட்னர் என்று பட்டறையில் சொல்லப்படுவது பெராக்சைடு வகை வேதிப்பொருள். கோபால்ட்டுடன் அது நேராகச் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் விட்டு முழுவதும் கலக்கிய பிறகே, வழக்கமாக ஒன்று முதல் இரண்டு சதவீத அளவில், ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். ஆகவே, வரிசை முக்கியமான எந்தச் செய்முறையும் எண்ணிட்ட படிகளாகத்தான் குழுவில் வர வேண்டும் என்பதிலும், அனுபவசாலி ஒருவர் அதைச் சரிபார்க்கும் வரை யாரும் செய்து பார்க்கக் கூடாது என்பதிலும் நடத்துகிறவர் கொஞ்சம்கூட இளகக் கூடாது. யாருக்காவது முகம் சுண்டினாலும் பரவாயில்லை.

இதைவிடச் சிறிய, ஆனால் நம் ஊரில் அடிக்கடி நடக்கக்கூடிய விபத்து ஒன்றும் உண்டு. திருப்பூர் பனியன் வேஸ்ட் மலிவாகக் கிடைப்பதால், கவசத்துக்குள் மெத்தை வைக்கவும் சிந்திய பசையைத் துடைக்கவும் அதைத்தான் எடுக்கிறோம். ஃபெவிக்விக் போன்ற பசை பருத்தித் துணியில் ஊறினால் திடீரென்று சூடேறிப் புகையும். கையில் இருந்தால் தோல் வெந்துவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் இறுகும்போது சூடாகும் என்பதால், தடிமனான கலவைக்குள் கையை விட்டு அச்சு எடுப்பதை விளையாட்டாகக்கூடச் சொல்லக் கூடாது. துணி முகக்கவசம் தூசியையே முழுதாகத் தடுக்காது. பசை ஆவியை அறவே தடுக்காது.

வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் பொருள் பட்டியலை அப்படியே பகிர்வது ஆர்வக்கோளாறால் நேரும் தவறு. இங்கே கிடைக்காத பிளாஸ்டிக் தகட்டை இணையத்தில் வரவழைத்தால்தான் கவசம் செய்ய முடியும் என்ற எண்ணம் புதியவர்களை முதல் வாரத்திலேயே விரட்டிவிடும். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக் கிழங்கு மாவுக்குப் பஞ்சமில்லை. ஒரு பங்கு மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஏறக்குறைய எட்டுப் பங்கு கொதிநீரில் ஊற்றிக் கிளறினால், காகித அடுக்கு ஒட்டுவதற்கு அருமையான பசை கிடைக்கும். பூஞ்சையும் பூச்சியும் வராமலிருக்கச் சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அது நஞ்சு என்பதால் குழந்தைகள் அணியும் முகமூடிக்கு மட்டும் வேண்டாம். பொள்ளாச்சித் தேங்காய் நார் பிடரி மயிருக்கும் தாடிக்கும் ஆகும். பாடி கட்டும் பட்டறைகளில் கழித்துப் போடும் ரெக்சின் துண்டுகளை, கேட்டு வாங்கினால், தோல் உறையாக மாற்றிவிடலாம். எந்த ஊரில் எது கிடைக்கும் என்ற பட்டியலைத் தொகுத்துக் குழுவின் மேலே நிறுத்தி வைத்திருப்பது, நூறு காணொளி இணைப்புகளைவிடப் பயன்படும்.

தட்பவெப்பத்தை மறந்துவிட்டுப் பிற ஊர் அனுபவத்தை நம்புவதும் இதனோடு சேர்ந்ததே. சித்திரை வெயிலில் கரூரில் காருக்குள் பூட்டி வைத்த ஃபோம் கவசத்தில், ஹாட் க்ளூ (உருக்கி ஒட்டும் பசை) போட்ட இடமெல்லாம் மாலைக்குள் பிரிந்துவிடும். இங்கே தாங்கியதா என்று கேட்டுத்தான் ஒரு பசையைப் பரிந்துரைக்க வேண்டும்.

தேடுவதற்கு வழியில்லாமல் அறிவைக் குவிப்பது மெதுவாகத் தெரியும் தவறு. கைவேலைக்காரர்கள் எழுதுவதைவிடக் குரல் பதிவில்தான் விரிவாகச் சொல்கிறார்கள். அதைத் தடை செய்தால் நல்ல செய்தி நின்றுவிடும், அப்படியே விட்டால் மூன்று மாதம் கழித்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குரல் பதிவு வந்ததும், அதன்கீழ் யாராவது ஒருவர் பொருளையும் வேலையையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும் என்று முறை வைத்துக்கொள்ளலாம். அந்த வரியிலும் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் "ஃபோம்" என்றும், மற்றொருவர் "போம்" என்றும், மூன்றாமவர் ஆங்கில எழுத்திலும் எழுதினால் தேடல் மூன்றில் ஒன்றைத்தான் காட்டும்.

நிர்வாகத் தவறுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிர்வாகி ஒருவர் மட்டும் இருப்பது, முப்பது பேர் சேர்வதற்குள் ஆறு கிளைக் குழுக்கள் பிரிப்பது, விலைக்கு வாங்கிய மாதிரியை உரியவர் அனுமதியின்றி இலவசமாகப் பரப்புவது எல்லாம் எவரும் அறிந்தவையே. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரின் எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும். கல்லூரிப் பெண்கள் சேர்ந்த வேகத்திலேயே விலகுகிறார்கள் என்றால், தனிச் செய்தி அனுப்பி யாரோ தொல்லை கொடுத்திருக்கலாம் என்பதை நடத்துகிறவர் முதலில் விசாரிக்க வேண்டும். டெலிகிராமில் எண்ணை மறைத்துக்கொள்ளலாம் என்பதே, குழுவை அங்கே மாற்றுவதற்குப் போதிய காரணம்.

காலம் பார்க்காமல் பயிற்சி நாள் வைப்பதும் வீண். தையிலிருந்து பள்ளி ஆண்டு விழாக்கள், மாசியில் கோவை கோனியம்மன் தேர், பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன் திருவிழா என்று செய்கிறவர்கள் அனைவரும் வேலையில் மூழ்கியிருப்பார்கள். அந்த மாதங்களில் அவசரக் கேள்விகளுக்கு மட்டும் இடம் கொடுத்து, பொறுமையாகக் கற்க வேண்டியதை ஆடிக்குப் பின் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாள் செய்கிறவர்கள் சட்டத்தை நினைப்பதில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரிய அலகு கொண்ட ஆயுதங்களைத் தனி வகையாகக் குறிப்பிடுகின்றன. மேடை வாளுக்கு இரும்பும் கூர்மையும் தேவையே இல்லை. ஃபோமும் மெல்லிய மரச்சட்டமும் போதும். ஆனாலும் வெள்ளி வண்ணம் பூசிய ஃபோம் வாளைப் பேருந்தில் வெறுமனே பிடித்துக்கொண்டு போனால், சோதனைச் சாவடியில் அது ஃபோம் என்று தொட்டுப் பார்க்கும் வரை நிலைமை சிக்கல்தான். உறையிட்டுக் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும் என்பதைப் படம் போடுகிற இடத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

கடைசியாக, கைப்பேசிக்குள் வராதவர்களை மறந்துவிடும் தவறு. சேலம் பக்கத்துக் கூத்தில் அணியும் கிரீடமும் புஜக்கீர்த்தி என்னும் தோள் அணியும் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கப்படுபவை. அவற்றைச் செய்யத் தெரிந்த பெரியவர்கள் குழுவில் சேர மாட்டார்கள், நாம்தான் போக வேண்டும். வெறுங்கையோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டு வரக் கூடாது. எங்களில் நால்வர் ஒரு பெரியவரிடம் போனபோது, அவருடைய ஒரு நாள் கூலியை முன்கூட்டியே பங்கிட்டுக் கொடுத்தோம். எதைக் குழுவில் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டோம். அவர் கிரீடத்தைக் கவிழ்த்துப் பிடித்து, உட்புறத்தில் நெற்றி படும் இடத்தைக் கட்டை விரலால் தடவிக் காட்டினார். அந்த இடத்தில் மட்டும் உளித் தடம் இல்லை. "ஆறு மணி நேரம் தலையில நிக்கோணும்ங்க, அதான் இந்த எடத்த மட்டும் நல்லா இழைச்சு உட்டுருக்கறனுங்க" என்றார். முன்பக்கத்தைப் படம் எடுக்க வேண்டாம், அது இன்னொரு ஜமாவுக்கு (கூத்துக் குழுவுக்கு) செய்தது என்று சொல்லிவிட்டார். பின்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தோம்.