'குடி' என்ற சொல்லை மொழிபெயர்க்கும்போது நேரும் தவறுகள்

துருக்கியில் கட்டடச் சுவர்களில் 'சிகாரா இச்சில்மெஸ்' என்ற பலகையைப் பார்க்கலாம். செடிகளுக்கு நீர் பாய்ச்சும் குழாயின் மேலே 'பு சு இச்சில்மெஸ்' என்று எழுதியிருப்பார்கள். முதலாவது, இங்கே புகைபிடிக்கக் கூடாது என்கிறது. இரண்டாவது, இந்தத் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல என்கிறது. இரண்டிலும் வினைச்சொல் ஒன்றேதான்: இச்மெக். அகராதியில் அதற்கு முதல் பொருள் 'குடி'. தமிழிலும் சிகரெட் குடிப்பது, சுருட்டு குடிப்பது என்ற வழக்கு உண்டு என்பதால் இது நமக்கு எளிதில் பிடிபட்டுவிடும். அதே நம்பிக்கையோடு ஜப்பானிய மொழிக்கோ பாரசீகத்துக்கோ போனால் அது காலை வாரிவிடும்.

குடிப்பது உலகில் எல்லோரும் அன்றாடம் செய்யும் காரியம். ஆகவே எல்லா மொழியிலும் அதற்கு நேரான ஒரு சொல் இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். மற்ற தவறுகள் எல்லாம் இந்த நினைப்பிலிருந்துதான் கிளைக்கின்றன. குடிப்பது தண்ணீரா, மருந்தா, புகையா, கஞ்சியா என்பதைப் பொறுத்து வினை மாறுகிறது. எனவே அகராதியில் 'குடி' என்ற பக்கத்தைப் புரட்டுவதைவிட, 'மருந்து' என்ற பக்கத்தைப் புரட்டி, அந்த மொழிக்காரர்கள் மருந்தை என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதே சரியான வழி.

மருந்தையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் மருந்துக் கடைக்காரர் தரும் காகித உறையின் மேல் 'நோமிகுசுரி' என்று அச்சிட்டிருக்கும். நோமு என்றால் குடி, குசுரி என்றால் மருந்து. உறையைப் பிரித்தால் உள்ளே வெறும் மாத்திரைகளாக இருக்கலாம், தூள் பொட்டலங்களாகவும் இருக்கலாம். ஏனென்றால் நோமு என்ற வினைக்குத் திரவம் முக்கியமில்லை. மெல்லாமல் தொண்டைக்குள் இறக்குவதுதான் அதன் உள்பொருள். குழந்தை நாணயத்தை விழுங்கிவிட்டால் அதையும் இந்த வினையைக் கொண்டே சொல்வார்கள். எதிராளியின் நிபந்தனைக்கு வேறு வழியின்றி இணங்குவதையும் நோமு என்பார்கள். ஆகவே நோமிகுசுரியைக் 'குடிக்கும் மருந்து' என்று எழுதிவிட்டு மாத்திரைப் பட்டையை நீட்டினால் வாங்குகிறவர் குழம்பிப்போவார். நம் வீடுகளில் சொல்லும் 'உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து' என்பதுதான் அதற்குச் சரியான தமிழ். அந்த உறை சொல்ல வருவதும் இது மேலுக்குப் பூசுவதல்ல என்பதுதான்.

சீனத்தில் மருந்தைச் சாப்பிடுவார்கள். மூலிகைகளைக் காய்ச்சி வடித்த கஷாயம் என்றால் குடிப்பார்கள். கொரிய மொழியிலும் மருந்தைச் சாப்பிடுவதுதான் வழக்கம். மலேசியாவில் 'மக்கான் உபாட்', அதாவது மருந்து சாப்பிடு. மலாயிலிருந்தே வளர்ந்த இந்தோனேசிய மொழியில் 'மினும் ஓபாட்', அதாவது மருந்து குடி; அது மாத்திரையாக இருந்தாலும் மினும்தான். கோலாலம்பூரில் மலாய் கற்ற தமிழர் ஜகார்த்தாவில் இதைக் கேட்டு, திரவ மருந்து ஒன்று வாங்க வேண்டும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

ஆங்கிலம் மருந்தை 'எடுக்கிறது'. இந்த வழக்கு தமிழுக்குள்ளும் நுழைந்து, 'மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா?' என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டோம். இதில் எனக்கு வருத்தம் உண்டு. மாத்திரையைப் போட்டுக்கொள், கஷாயத்தைக் குடி, லேகியத்தைச் சாப்பிடு என்று பொருளுக்கேற்ற வினைகள் நம் வாயில் ஆண்டாண்டுகளாக இருக்கின்றன. தெலுங்கில் 'வேசுகோ' என்கிறார்கள். அதுவும் 'போட்டுக்கொள்' என்பதேதான். ஆங்கிலத்தை இடைத்தரகாக வைத்து ஜப்பானியத்திலிருந்தோ கொரியத்திலிருந்தோ தமிழுக்கு வரும் மருந்துக் குறிப்புகளில் இந்த நயங்கள் அத்தனையும் 'எடுத்துக்கொள்ளவும்' என்ற ஒரே சொல்லில் கரைந்துவிடுகின்றன. கரைத்துக் குடிக்க வேண்டியதா, மென்று தின்ன வேண்டியதா, அப்படியே விழுங்க வேண்டியதா என்பது நோயாளிக்குத் தெரிந்தாக வேண்டிய செய்தி. மூலத்தில் அது இருந்தால் தமிழிலும் இருக்க வேண்டும்.

புகைக்கு வருவோம். துருக்கியைப்போலவே இந்தியிலும் தெலுங்கிலும் சிங்களத்திலும் சிகரெட்டைக் குடிக்கிறார்கள். வங்காளத்திலும் தைவானின் ஹொக்கியன் மொழியிலும் அதைத் தின்கிறார்கள். பாரசீகம், மலையாளம், கன்னடம், சீனம், சுவாஹிலி ஆகியவற்றில் இழுக்கிறார்கள். கன்னடத்தில் கிணற்றிலிருந்து நீர் இறைப்பதற்கும் சிகரெட் பிடிப்பதற்கும் 'சேது' என்ற ஒரே வினைதான். ஜப்பானியத்தில் உறிஞ்சுகிறார்கள். புகையைக் குடிப்பதாகச் சொல்வதைப் படிப்பறிவில்லாதவர்களின் பேச்சு என்று ஒதுக்கி, மொழிபெயர்ப்பில் திருத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். புகையிலை இங்கிலாந்தில் பரவிய புதிதில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்கிலேயர்களும் புகையிலையைக் 'குடிப்பதாகவே' எழுதினார்கள். புதிதாக வந்த ஒரு பொருளுக்கு ஒவ்வொரு மொழியும் தன்னிடமிருந்த ஒரு வினையை நீட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். கிராமத்துப் பாத்திரம் ஒன்று சுருட்டு குடித்தால், அதைப் 'புகைத்தான்' என்று மாற்றி எழுதுவது பாத்திரத்தின் நாக்கைப் பிடுங்குவதற்குச் சமம்.

குடிப்பதற்கும் தின்பதற்கும் ஒரே வினையை வைத்திருக்கும் மொழிகள்தான் மொழிபெயர்ப்பாளரை அதிகம் வழுக்கவைக்கின்றன. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் வார்ல்பிரி மொழியில் இரண்டுக்கும் ஒரு வினைதான். அவ்வளவு தூரம் போக வேண்டாம். வங்காளத்தில் 'காவா' என்ற வினை சோறு, தண்ணீர், தேநீர், சிகரெட், முத்தம் என்று எல்லாவற்றுக்கும் வரும். 'பான் கரா' என்று குடிப்பதற்குத் தனி வினை உண்டு, ஆனால் அது ஏட்டு வழக்கு. வீட்டில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கும் குழந்தை 'காவா'வைத்தான் பயன்படுத்தும். இதைத் தமிழில் 'தண்ணீர் தின்றான்' என்று யாரும் எழுதப்போவதில்லை. வழுக்குவது வேறிடத்தில்: 'ஜொல்காபார்' என்ற சொல்லில். சொல்லுக்குச் சொல் பார்த்தால் நீரும் உணவும். பொருளோ சிற்றுண்டி, நம்முடைய டிபன். இந்தியில் இதற்கு இணையானது 'ஜல்பான்'. வட இந்திய ரயில் நிலையங்களில் 'ஜல்பான் க்ருஹ்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, வடமொழிச் சொல்லறிவை வைத்துத் தண்ணீர்ப்பந்தல் என்று நினைத்தால் தவறு. அது சிற்றுண்டிச்சாலை, உள்ளே பூரியும் தேநீரும் கிடைக்கும்.

பாரசீகத்தில் 'கோர்தன்' இப்படிப்பட்ட வினை. 'ஆப் கோர்தன்' என்றால் தண்ணீர் குடித்தல். அதே வினையைக் கொண்டு சளி பிடிப்பதைக் குளிரைத் தின்பதாகவும், கவலைப்படுவதைத் துயரத்தைத் தின்பதாகவும் சொல்வார்கள். 'ஜமீன் கோர்தன்' என்றால் தரையைத் தின்னுதல். நம் 'மண்ணைக் கவ்வினான்' என்ற வழக்கோடு அச்சாகப் பொருந்துகிறதே என்று மகிழ்ச்சியாக எழுதிவிடத் தோன்றும். அங்கேதான் கண்ணி. பாரசீகத்தில் அதற்குப் பெரும்பாலும் தடுக்கிக் கீழே விழுந்தான் என்பதே பொருள். தோற்றுப்போனான் என்பதற்கு 'ஷெகஸ்த் கோர்தன்' என்ற வேறு தொடர் இருக்கிறது. உருவத்தில் ஒத்துப்போகும் மரபுத்தொடர்களை, ஒத்துப்போகாதவற்றைவிட அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும் என்பேன்.

சத்தியம் செய்வதிலும் இந்த வினைகள் புகுந்துகொள்கின்றன. இந்தியில் சத்தியத்தைத் தின்கிறார்கள்: 'கசம் கானா'. ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையின் சுவாஹிலியிலும் 'குலா கியாப்போ', அதே தின்னுதல்தான். துருக்கியில் 'அன்ட் இச்மெக்', சத்தியத்தைக் குடித்தல். பாரசீகத்தில் 'சௌகந்த் கோர்தன்'. இந்தச் சொல்லின் வேர் கந்தகத்தைக் குறிப்பது. பழைய ஈரானில் ஒருவர் சொல்வது உண்மையா என்று சோதிக்கக் கந்தகம் கலந்த நீரைக் குடிக்கவைக்கும் வழக்கம் இருந்தது. அதன் நினைவு இந்தத் தொடரில் தங்கியிருக்கிறது. இவற்றைத் தமிழில் 'சத்தியம் செய்தான்' என்று எழுதுவதே போதும், இன்றைய பேச்சுக்காரர்கள் யாரும் கந்தகத்தை நினைப்பதில்லை. எதிர்த்திசையில் போகும்போதும் இதே கவனம் வேண்டும். 'மூன்று பேரின் உயிரைக் குடித்த விபத்து' என்று நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. கத்திரிக்காய் எண்ணெயைக் குடிக்கிறது, வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது என்று வீட்டில் சொல்கிறோம். இவற்றை அப்படியே பிற மொழிக்கு ஏற்றினால் படிப்பவர் திகைத்துப்போவார்.

இதெல்லாம் தமிழ் இலக்கணத்துக்குத் தெரியாத சங்கதி என்று நினைக்க வேண்டாம். 'வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்' என்கிறது தொல்காப்பியம். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு 'அடிசில்'. அதில் உண்பவை, தின்பவை, பருகுபவை, நக்குபவை என்று நான்கு வகையும் அடங்கியிருப்பதால், அடிசில் தின்றார் என்றோ அடிசில் பருகினார் என்றோ ஒரு வகையின் வினையைக் கொடுத்து முடிப்பது வழு. அயின்றார், மிசைந்தார் என்று பொதுவினையால் முடிக்க வேண்டும். இன்று அயின்றார் என்பதன் இடத்தில் 'சாப்பிட்டார்' உட்கார்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு. சோறு சாப்பிடுகிறோம், மருந்து சாப்பிடுகிறோம், வீட்டுக்கு வந்தவரிடம் 'காபி சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்கிறோம். காபி திரவமாயிற்றே, சாப்பிடுவது பிழையாயிற்றே என்று பயந்து எல்லோரையும் 'காபி அருந்த' வைக்கும் மொழிபெயர்ப்புகள் காதுக்கு ஒட்டுவதில்லை. அழைப்பிதழில் அருந்தலாம், அடுப்படியில் முடியாது.

சூப் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் அதைச் சாப்பிடுகிறார்கள். துருக்கியரும் சீனரும் ஜப்பானியரும் குடிக்கிறார்கள். நாம் கூழையும் கஞ்சியையும் குடிப்பதுபோலச் சீனர்களும் கஞ்சியைக் குடிக்கிறார்கள். இங்கெல்லாம் அந்தந்த மொழியின் வழக்கைப் பின்பற்றினால் போதும்.

மரியாதை அப்படிச் சுலபமாக முடிகிற காரியமில்லை. ஜப்பானியத்தில் விருந்தினர் உண்டாலும் குடித்தாலும் 'மெஷியகாரு' என்ற ஒரே உயர்வு வினை. அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்ட ஆர்வத்தில் 'நான்' என்பதோடு சேர்த்துவிடக் கூடாது. தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'இதடாகு' என்ற தாழ்வு வினைதான் வரும். தாய்லாந்தில் அரச குடும்பத்தினருக்கு ஒரு வினை, பிக்குகளுக்கு வேறொரு வினை. இலங்கையில் சிங்களமும் தமிழும் அறிந்து மொழிபெயர்ப்பவர்களுக்கு இது அன்றாடச் சிக்கல். மற்றவர்கள் குடித்தால் 'பொனவா', பௌத்த பிக்கு குடித்தாலோ உண்டாலோ 'வளந்தனவா'. பிக்குவுக்குப் 'பொனவா' போட்டால் அவமரியாதையாகிவிடும். தமிழில் துறவிக்கென்று அப்படி ஒரு தனி வினை அன்றாடப் புழக்கத்தில் இல்லை என்பதால், 'அருந்தினார்' என்று சொல்லையும் விகுதியையும் உயர்த்தித்தான் ஈடுகட்ட முடியும். மலையாளத்தில் பொதுவான, மரியாதையான சொல் 'கழிக்குக', 'கழிச்சோ?' என்றால் சாப்பிட்டாயிற்றா என்று அன்போடு விசாரிக்கிறார்கள். தமிழ்க் காதால் அதைக் கேட்டு முகம் சுளிக்கக் கூடாது.

கடைசியாக, எதைக் குடிப்பது என்றே சொல்லாத வாக்கியங்கள். 'அவர் குடிப்பார்' என்றால் தமிழில் மதுதான். ரஷ்யன், ஜப்பானியம், ஆங்கிலம், இந்தி என்று பல மொழிகளில் அப்படியே. லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷில் 'தோமார்' என்ற வினையின் அகராதிப் பொருள் எடுத்தல். ஆனால் பெயர் எதுவும் இல்லாமல் அது தனியாக வந்தால் மது அருந்துதலைக் குறிக்கும். தெலுங்கில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'மந்து' என்பது நம் மருந்துதான், ஆனால் பேச்சில் அது சாராயத்தையும் குறிக்கும், பூச்சிமருந்தையும் குறிக்கும்.

தமிழிலும் இந்தக் கடைசிப் பொருள் உண்டு. 'மருந்தைக் குடித்துவிட்டார்' என்று கிராமத்திலிருந்து வந்த உறவினர் மருத்துவமனையில் பதறிக்கொண்டு சொன்னால், அது பெரும்பாலும் வயலுக்குத் தெளிக்கும் மருந்து. தமிழ் அறியாத மருத்துவருக்கு அதை 'மருந்து சாப்பிட்டிருக்கிறார்' என்று மொழிபெயர்த்தால், அவர் என்ன நோய்க்கு, என்ன மாத்திரை என்று விசாரிக்கத் தொடங்குவார்; நஞ்சை முறிக்க வேண்டிய நேரம் அதில் போய்விடும். இடையில் நிற்பவர் முதலில் உறவினரிடம் திரும்பி, எந்த மருந்து, எவ்வளவு, எப்போது, டப்பாவைக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். வினையை எப்படிச் சொல்வது என்பதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.