கரைத் தூண்டிலில் பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுவது எப்படி?

முட்டுக்காடு முகத்துவாரம் பக்கம் கரையிலிருந்து தூண்டில் போடப் பழகிய புதிதில், முழங்கை நீளத்துக்குக் கொடுவா ஒன்று மாட்டியது. மணலில் கிடத்தி நாலைந்து படம் எடுத்துவிட்டு, பெரிய மனதோடு கடலுக்குள் வீசினேன். மூன்றாவது அலையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு என் காலடிக்கே திரும்பி வந்தது. உடம்பெல்லாம் மணல், ரவையில் புரட்டியது மாதிரி. அன்று அதைச் சமைத்துத்தான் சாப்பிட்டோம்.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். ராடு, ரீல், முடிச்சு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. வீசுவதற்கு முன்பே முள்ளை மாற்றுங்கள்

சாதாரண முள்ளை இரையோடு விழுங்கிய மீனுக்குத் தொண்டையிலோ குடலிலோ குத்திவிடும். சர்க்கிள் ஹூக் என்கிற வட்ட முள்ளின் நுனி உள்பக்கமாக வளைந்திருப்பதால் தொண்டையில் பிடிக்காமல் வழுக்கி வந்து, பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். ஒரே நிபந்தனை: மீன் கடித்ததும் ராடை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. தங்கூஸ் (தூண்டில் நரம்பு) இறுகும்வரை ரீலைச் சுற்றினாலே போதும். என் கை இதற்குப் பழக ரொம்ப நாள் ஆனது.

முள்ளின் உள்பக்கம் இருக்கும் குட்டி எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். தங்கூஸைத் தளரவிடாமல் சுற்றினால் மீன் நழுவாது. துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் முள் வேண்டாம். மீனுக்குள்ளேயே தங்க நேர்ந்தால் அது கரையவே கரையாது.

2. குறடு இடுப்பில் இருக்கட்டும்

பையில் வைத்தால், பை எப்போதும் இருபதடி தள்ளித்தான் இருக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நீள மூக்குக் குறடே போதும், கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். தாடையைக் கவ்வித் தூக்கும் கிரிப்பர் எனக்குப் பிடிக்காது. கனமான மீனை அதில் தொங்கவிட்டால் முழு எடையும் தாடையில் இறங்கும்.

3. அலையோடு கொண்டுவாருங்கள்

அலை கரைக்கு வரும்போது சுற்றுங்கள், திரும்பும்போது தங்கூஸை இறுக்கமாக மட்டும் பிடித்திருங்கள். கணுக்கால் தண்ணீருக்கு வந்ததும் நிறுத்துங்கள். காய்ந்த மணலுக்கு இழுத்தால் மேலே இருக்கும் வழுவழுப்பு போய்விடும். மீனுக்கு அதுதான் நோய் அண்டாமல் காக்கும் தோல். மெல்லிய தங்கூஸில் அரை மணி நேரம் விளையாடுவதும் வீரம் இல்லை. வெயில் காலத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. களைத்துப்போன மீன் தேறுவது கஷ்டம்.

4. முள்ளைக் கழற்றுவது

கையை நனைத்துக்கொண்டு வயிற்றுக்கு அடியில் தாங்குங்கள். துண்டு வேண்டாம். செவுளுக்குள் விரலை விடவே விடாதீர்கள். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி வெட்டும். முள்ளைப் போன வழியே பின்னால் தள்ளி எடுங்கள். விழுங்கியிருந்தால் நோண்டாமல், எட்டும் மட்டும் முள்ளுக்கு அருகில் தங்கூஸை நறுக்கிவிடுங்கள். மீன் தண்ணீருக்கு வெளியே இருக்கும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டினால் அதற்கும் முட்டுகிறது என்று அர்த்தம்.

கெளுத்தி என்றால் தொடவே தேவையில்லை. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று விஷ முட்கள் விறைத்து நிற்கும். தூண்டில் முள்ளின் தண்டைக் குறடால் பிடித்துத் தண்ணீருக்கு மேலேயே தலைகீழாகத் திருப்பினால் தானே விழுந்துவிடும்.

5. விடுவது: நான் சறுக்கிய இடம்

வீசக் கூடாது. முழங்கால் ஆழத்துக்கு மேல் போகவும் கூடாது, நம் கரை சட்டென்று இறங்கும். அலைகளைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். நாலைந்து பெரியவை வந்தபின் சற்று ஓயும். அந்த இடைவெளியில் இறங்குங்கள். மீனின் தலை கடலைப் பார்க்கட்டும். ஒரு கை வயிற்றுக்கடியில், இன்னொன்று வால் அடியில். வரும் அலை வாய்க்குள் புகுந்து செவுள் வழியே வெளியேறும்.

நான் வெகுநாள் செய்த தப்பு, மீனை முன்னும் பின்னும் ஆட்டியது. பின்னால் இழுக்கும்போது செவுளில் தண்ணீர் தலைகீழாகப் போகும். அதனால் நன்மை இல்லை. சும்மா பிடித்திருங்கள். முதலில் செவுள் மூடி சீராக அசையும், அப்புறம் வால் உங்கள் கையைத் தள்ளும். அந்த உதை வந்தபின், ஒரு அலை உடைந்து திரும்பும் நேரம் பார்த்துக் கையைத் திறங்கள். திரும்பும் தண்ணீரே உள்ளே கொண்டுபோய்விடும்.

எதை விடுவது? குஞ்சுகளை எல்லாரும் சொல்வார்கள். கொடுவாவில் ரொம்பப் பெரியதையும் விடுங்கள் என்பேன். அது ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன், பெரியவைதான் முட்டைக்காரிகள். உழுவைகளில் (சுறாவும் திருக்கையும் கலந்த மாதிரி இருக்கும் கிட்டார் மீன்கள்) சில வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், எந்த உழுவை மாட்டினாலும் யோசிக்காமல் விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: திருக்கை மாட்டினால் என்ன செய்வது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். தூக்காதீர்கள், வால் எட்டாத தூரத்தில் நின்று தங்கூஸை நறுக்குங்கள். அதன் முள் வாலில் இருக்கிறது. தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அது முன்னாடியே விலகும். குத்திவிட்டால், தோல் வெந்துவிடாமல் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி குறையும். ஆனாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், முள்ளின் துண்டு உள்ளே உடைந்து தங்கியிருக்கலாம்.