புது சொகுசு கேசினோவில் போக்கர் ஆடப் போகிறீர்களா?

சரவிளக்கையும் நீச்சல் குளத்தையும் பார்த்து உடனே அறை பதிவு செய்துவிடாதீர்கள். போக்கர் என்ற சீட்டாட்டத்தில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்தான் மோதுகிறார்கள்; கேசினோவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பந்தயத் தொகையில் பிடிக்கும் 'ரேக்' என்ற கழிவுதான். ஸ்லாட் இயந்திரம் அளவுக்கு வருமானம் இல்லாததால், பிரம்மாண்டமான கேசினோவிலும் போக்கர் அறை சின்னதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அதனால் முதலில் போன் போட்டுக் கேளுங்கள்: வார நாள் மாலையில் எத்தனை மேசை ஓடுகிறது, குறைந்தபட்ச பை-இன் (மேசையில் உட்காரப் போட வேண்டிய தொகை) எவ்வளவு, ரேக்குக்கு உச்சவரம்பு உண்டா? கடைசிக் கேள்விதான் முக்கியம். சின்னத் தொகை ஆட்டத்தில் ரேக் சத்தமில்லாமல் லாபத்தைத் தின்றுவிடும். பெரிய மேசைகளில் அதற்குப் பதிலாக அரை மணிக்கு இவ்வளவு என்று வாங்குவதும் உண்டு.

அப்புறம், கேசினோ திறந்த புதிதில் சீட்டுப் போடும் டீலர்களுக்குக் கை பழகியிருக்காது, ஆட்டம் மெதுவாகத்தான் நகரும். ஆனால் வேடிக்கை பார்க்க வந்து, ஆட்டம் அவ்வளவாகத் தெரியாமலே மேசையில் உட்காருபவர்களும் அப்போது நிறைய இருப்பார்கள்; அது உங்களுக்குச் சாதகம்!